தோளில் வைத்த கை



போன வாரம் ஆரணியில் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். "ஐயா, நீங்க படவேட்டுக்காரர். ஆடி வெள்ளி தவறாம ரேணுகாம்பாளைக் கும்பிடறவர். வேலூர் சி.எம்.சி.யைப் பத்தி மட்டும் ஏன் இவ்வளவு மரியாதையா பேசறீங்க?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி ஈவ்லினும் குடியிருந்தார்கள். மதம் சொல்லத்தான் வந்தார்கள். வருடக்கணக்கில் சொல்லியும் யாரும் சேரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு இன்ஃபுளுவென்சா காய்ச்சல் மலை முழுக்கப் பரவியது. கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பூசாரி குடும்பம் படுத்தபோது அக்கம்பக்கத்தார் கிட்டே வரவில்லை, இவர்கள் போனார்கள். பூசாரி சாகும்போது தன் பெண்குழந்தையை இவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். அவர் நம்பியது பிரசங்கத்தை அல்ல, கஞ்சியை.

இவர்கள் மகன் பால் பிராண்ட், 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது பெருவியாதி பிடித்த மூன்று பேர் வைத்தியத்துக்கு வந்ததை அவர் பின்னால் எழுதியிருக்கிறார். அப்பா கையுறை போட்டுக்கொண்டு கட்டுப்போட்டார். அவர்கள் போன பிறகு, உட்கார்ந்திருந்த இடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பயம் அந்த வீட்டிலும் இருந்தது.

அந்தப் பையன்தான் 1946-இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் ஒருவரின் மடங்கிப்போன கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த விரல்கள் இவர் கையை வலுவாக இறுக்கின. சில தசைகள் செத்திருந்தாலும் சில உயிரோடு இருப்பது புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலில் இணைக்கும் அறுவையைத் தொடங்கினார். அறுந்த இழைக்கு வேறு இழை பிணைக்கும் ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் நோயாளி ஒருவரின் தோளில் கை வைத்து, செய்யப்போகும் சிகிச்சையைச் சொன்னார். அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறினார். உதவியாளர் விசாரித்துச் சொன்னார்: பல வருடங்களாக அவரை யாருமே தொட்டதில்லையாம்.

கை சரியானவர்கள் திரும்பி வந்து ஒரு குறை சொன்னார்கள். நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் கொடுப்பதில்லை. டாக்டர் அதோடு விடவில்லை. நவ ஜீவ நிலையம் உருவானது. அங்கே அவர்கள் தச்சுவேலை கற்று மரப்பொம்மை செய்தார்கள். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் வந்தது.

இப்போது என் கதை. சின்ன வயதில், கோயில் வழியில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு மேலிருந்து காசு போடச் சொல்லித்தான் பாட்டி பழக்கினார். நான் வாத்தியாரான பிறகு ஒரு நாள், விரல் மடங்கிய ஒரு தகப்பனார் மகனைப் பள்ளியில் சேர்க்க வந்தார். கைநாட்டு வாங்க வேண்டும். மைப்பெட்டியை ஸ்கேலால் தள்ளிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனைக்கும் டாக்டர் பிராண்டைப் பற்றி வகுப்பில் பாடமாகவே சொன்னவன் நான். படித்தது வேறு, நடந்துகொண்டது வேறு. அந்தப் பையன் அன்று என்னிடம் கற்ற முதல் பாடம் அந்த ஸ்கேல்தான்.

என் மாணவருக்கு இதைத்தான் சொன்னேன். ஒருவருடைய சாமி எது என்று நான் கேட்பதில்லை. அந்தச் சாமி அவர் கையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்க்கிறேன். பிராண்டின் நம்பிக்கை இன்னொருவர் தோளில் இருந்தது. என்னுடையது அன்று ஸ்கேலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

தொழுநோய் இன்று மாத்திரையில் முழுதாகக் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் யாருக்காவது இருந்தால் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் கையைப் பிடித்து நீங்களே அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்