நூலா, ஈர்க்கா? டிஎன்ஏ ஜெலியின் உறுதி எங்கிருந்து வருகிறது

சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை விட்டவள் நான். டிஎன்ஏ என்றால் பரம்பரை இயல்புகளைக் கடத்தும் மூலக்கூறு என்பதோடு என் அறிவு நின்றிருந்தது. அதைக் கட்டுமானப் பொருளாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் டிஎன்ஏயை மட்டுமே பின்னி ஹைட்ரோஜெல் செய்து காட்டினார்கள். மூலக்கூறுகள் வலையாகி நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலிதான் அது. நாம் சாப்பிடும் ஜெலியும் அந்த வகையே.

அதன் உறுதி வலையிலுள்ள முடிச்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றே நானும் நினைத்தேன். அது பாதி விடைதான். முடிச்சுகளுக்கு இடையில் இருப்பது நூலா, ஈர்க்கா என்பது மறுபாதி.

ஒரு சங்கிலி வளையாமல் ஏறத்தாழ நேராக நிற்கும் தூரத்தை வைத்து அதன் விறைப்பை அளக்கிறார்கள். இரட்டை இழை டிஎன்ஏக்கு அது சுமார் 50 நனோமீற்றர். ஒற்றை இழைக்கோ 1 நனோமீற்றர் அளவுதான்.

நூல் வலை றப்பரைப் போன்றது. சுருண்டு கிடக்கும் சங்கிலி இழுத்தால் நிமிரும். விட்டதும் வெப்ப அசைவு அதை மீண்டும் சுருட்டும். மென்மையானது, நன்றாக நீளும். ஈர்க்கு வலையில் நிமிர்வதற்குச் சுருள் இல்லை, சங்கிலியையே வளைக்க வேண்டும். அதனால் சிறிது இழுத்தாலே எதிர்க்கும். ஓரளவு விறைப்பான சங்கிலிகளின் வலை இழுக்க இழுக்க இறுகும். குருதி உறையும்போது உருவாகும் பைபிரின் வலை அப்படிப்பட்டது.

டிஎன்ஏ ஜெலிகளில் ஒரு கிளைக்கு 20 எழுத்துச் சோடிகள் என்றால் நீளம் 7 நனோமீற்றர்கூட இல்லை. கிளைகள் எல்லாமே ஈர்க்குகள்தான். வளைவு மூட்டில்தான் வரவேண்டும். அங்கே சோடி சேராத இரண்டொரு எழுத்துக்களை விட்டால் மூட்டு தளரும், ஜெலியும் இளகும். அதற்காக மூட்டை முற்றாக விறைக்க விடுவதும் நல்லதல்ல: கிளைகளின் முனைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கத் திரும்ப முடியாமல் வலை அரைகுறையாக நின்றுவிடலாம்.

இது ஏன் முக்கியம்? ஸ்டெம் கலங்கள் தாம் ஒட்டியிருக்கும் பரப்பின் உறுதியை உணர்கின்றன. 2006இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், மூளையளவு மென்மையான ஜெலில் அவை நரம்புக் கலங்களின் சாயலையும், தசையளவு உறுதியில் தசையின் சாயலையும், இன்னும் விறைப்பில் என்பின் சாயலையும் காட்டின. டிஎன்ஏயில் அந்த உறுதியை எழுத்து வரிசையிலேயே எழுதி வைக்கலாம்.

தடைகளும் உண்டு. உடலிலுள்ள நொதியங்கள் டிஎன்ஏயை வெட்டிவிடும். செயற்கை டிஎன்ஏயின் விலையும் அதிகம் என்பதால் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் துளிக்கணக்கில்தான் இந்த ஜெலியைச் செய்கிறார்கள்.