உயர் ஆக்டேன் பெட்ரோல்: உங்கள் காருக்கு உண்மையில் தேவையா?

பெட்ரோல் நிலையங்களில் 95, 99, 100 போன்ற எண்களுடன் விலை கூடிய பெட்ரோல் வகைகள் விற்கப்படுகின்றன. எண் உயர்ந்தால் காரின் வேகமும் மைலேஜும் உயரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் ஆக்டேன் எண் எரிபொருளின் ஆற்றலைக் குறிப்பதல்ல.

ஆக்டேன் எண் என்றால் என்ன?

என்ஜின் சிலிண்டருக்குள் அழுத்தப்படும் பெட்ரோல், காற்றுக் கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி எரியச் செய்கிறது. அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, சுடர் பரவிச் சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாகத் தீப்பற்றக்கூடும். இதுவே 'நாக்கிங்' எனப்படுகிறது. இது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையலாம். நாக்கிங்கை எதிர்க்கும் திறனின் அளவே ஆக்டேன் எண்.

எந்தக் கார்களுக்குத் தேவை?

உயர் அழுத்த விகிதம் அல்லது டர்போசார்ஜர் கொண்ட அதிதிறன் என்ஜின்களுக்கே பெரும்பாலும் உயர் ஆக்டேன் தேவைப்படுகிறது. 98 ஆக்டேனுக்கென வடிவமைக்கப்பட்ட காரில் அதைவிடக் குறைந்த பெட்ரோல் நிரப்பினால், நாக் சென்சார் அதை உணர்ந்து தீப்பொறி எழும் நேரத்தைத் தாமதப்படுத்தும். என்ஜின் காக்கப்பட்டாலும் திறனும் மைலேஜும் குறையும். மாறாக, 91 ஆக்டேனுக்கு வடிவமைக்கப்பட்ட காரில் 100 ஆக்டேன் நிரப்புவதால் பொதுவாகக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

இந்தியாவில் நிலை என்ன?

பிஎஸ்-6 விதிகளின்படி சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இது 95 ஆக உயர்ந்துள்ளது. எனினும், லிட்டருக்கு எத்தனால் தரும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே ஆக்டேன் உயர்ந்தாலும் மைலேஜ் சற்றுக் குறையலாம். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் கொண்ட எக்ஸ்பி100 பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது, டெல்லியில் அதன் விலை லிட்டருக்கு ரூ.160. இது அன்றைய சாதாரண பெட்ரோல் விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

கவனிக்க வேண்டியவை

* எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் உள்ள எண்ணைப் பாருங்கள். 'குறைந்தபட்சம்' என்றிருந்தால் அதற்குக் கீழே செல்லக் கூடாது. 'பரிந்துரை' என்றிருந்தால் முழுத் திறனுக்கு அந்த எண் தேவை.

* அமெரிக்கக் கையேடுகளில் எண் வேறு முறையில் கணக்கிடப்படுகிறது. அங்குள்ள 91, இந்தியாவில் ஏறத்தாழ 95க்குச் சமம்.

* இ20 பெட்ரோலுக்குக் கார் ஏற்றதா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆக்டேன் எண் விடையாகாது.

* நெடும்பயணத்தில் உரிய பெட்ரோல் கிடைக்காவிட்டால், இருப்பதில் உயர்ந்ததைச் சிறிதளவு நிரப்பி, வேகத்தைத் திடீரெனக் கூட்டாமல் ஓட்டுவது பாதுகாப்பானது.