இறவாணத்தின் கீழ்க் கள்ளி

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியிலே, பேராதனையைக் கடந்து சில மைல் தூரத்தில், மகாவலிப் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கும் கெலிஓயாவில் வீடு கட்டுவோர் முதலில் எண்ணுவது மழையைத்தான். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறி மாறி வந்து, இடைக்காலத்து மாலை இடிமழையும் சேர்ந்து, வருஷத்துக்கு ஏறத்தாழ 80 அங்குலம் பொழியும் இப்பிரதேசத்தில், ஓட்டுக்கூரையை முன்னே தாழ நீட்டி, அகன்ற இறவாணமும் ஆழ்ந்த விறாந்தையும் அமைத்தே பழைய வீடுகள் எழுந்தன. அவ்வேற்பாடு மழையோடு வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திவிட்டது என்பது, விறாந்தையிலே பன்னமும் பிகோனியாவும் அந்தூரியமும் செழித்திருந்தவரை எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை. காட்டு நிழலிலே ஜனித்த ஜாதிகள் அவை. கள்ளியும் கற்றாழையும் எச்செவேரியாவும் ஆகிய சதைப்பற்றுச் செடிகள் பூச்சாடிகளில் வந்து அதே இடத்தில் அமர்ந்தபோதுதான் கஷ்டம் ஆரம்பமாயிற்று.

அக்கஷ்டத்துக்கெல்லாம் தண்ணீரையே காரணமாகச் சொல்வது நம்மவர் வழக்கம். தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகும் என்பது மெய்யே. ஆயினும், அளந்து ஊற்றிய வீட்டிலும், ரோஜா மொட்டுப்போல் இறுகியிருந்த இலையடுக்கு நெகிழ்ந்து, இலைக்கும் இலைக்கும் இடையே தண்டு நெடுத்து, பச்சை வெளிறி, செடி முழுவதும் யன்னற்பக்கமாகச் சாய்வதைக் காண்கிறோமே, அது ஒளிப்பஞ்சத்தின் குறியன்றி வேறில்லை. ஒளி குறைந்த செடி தண்ணீரைச் செலவிடுவதும் குறைவாதலால், அழுகலுக்கும் பல சமயங்களில் இருட்டே மூலகாரணமாகிறது.

இதற்குப் பரிகாரமாகப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே வாக்கைச் சொல்லும்: செடியைத் தெற்கு யன்னலில் வைக்க வேண்டும் என்று. அந்த வாக்கு எந்த நாட்டுச் சூரியனைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை விசாரிக்கப் புகுந்தால் சரித்திரத்திலே சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும்.

1672இல் ஒல்லாந்தக் கும்பெனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன், வரும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கிச் செடிகளைச் சேகரித்தவர். ஊர் திரும்பிய பின் லெய்டன் சர்வகலாசாலைத் தோட்டத்தின் தலைமையை ஏற்றவர். இங்கே அவர் திரட்டிய உலர்செடிகளை ஆதாரமாகக் கொண்டுதான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். முனையின் வறண்ட வெளிகளில் வளர்ந்த சதைப்பற்றுச் செடிகள் ஒல்லாந்திலும் பின்னர் இங்கிலாந்திலும் கண்ணாடி இல்லங்களில் வாழ்வு பெற்றன. கண்ணாடி அன்று தனவந்தருக்கே உரிய வஸ்து. இங்கிலாந்தில் அதன்மீதிருந்த வரி 1845இலும் யன்னல் வரி 1851இலும் ஒழிந்தன. அதன் பின்னரே சாதாரண வீடுகளிலும் கண்ணாடி தாராளமாக நுழைந்தது. அந்நாட்டில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனில் அப்போது நண்பகற் சூரியன்கூட அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறும். அத்தனை சாய்ந்து வரும் கிரணம் தெற்கு யன்னலின் வழியே புகுந்து அறையின் எதிர்ச்சுவர்வரை சென்று விழும். தெற்கு யன்னல் என்ற போதனை அங்கே பிறந்தது. அங்கே அது சத்தியம்.

கெலிஓயா இருப்பதோ வட அகலாங்கு 7 பாகையில். இங்கே வருஷம் முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைவிட்டு அதிகம் விலகுவதில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தின் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதங்களும் நண்பகலில் அது நமக்கு வடக்கேதான் இருக்கும். அது தெற்கே மிகச் சாய்கிற டிசம்பரிலும் உயரம் 59 பாகைக்குக் குறையாது. எட்டடி உயரத்தில் மூன்றடி நீண்ட இறவாணம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த டிசம்பர் நண்பகலில்கூடத் தெற்குச் சுவரிலே தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வெயில் தொடாது. ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் அறவே தொடாது. யன்னற்படியில் வைத்த பூச்சாடிக்குக் கிடைப்பது வானத்தின் சிதறொளி மாத்திரமே. மனிதக் கண் இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால், வாசிப்பதற்குத் தாராளமாய்த் தோன்றும் அறை செடிக்குப் பட்டினிச்சாலையாக இருப்பதை நாம் உணர்வதில்லை.

இறவாணத்தின் கீழே நுழைய வல்லது தாழ்ந்த சூரியன் ஒன்றே. அதாவது காலையும் மாலையும். மாலையில் இம்மலைப் பக்கங்களிலே மேகம் கூடிவிடுவது பெருவழக்கு. ஆகவே கெலிஓயா வீட்டுக்குக் கிழக்கு யன்னலே உத்தமம் என்பது என் துணிபு.

1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் தொடங்கிய பேராதனைத் தோட்டம் நமக்கு இத்தனை அருகே இருந்தும், வீட்டுச் செடிக்காரர் அதன் அநுபவத்தைவிடச் சீமைப் புத்தகத்தையே நம்பியது விசித்திரந்தான். அத்தோட்டத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த எச். எப். மக்மில்லன், இலங்கையை விசேஷமாக மனத்திற்கொண்டு உஷ்ணதேசத் தோட்டக்கலைக்கென்று ஒரு கைந்நூலை 1910இல் வெளியிட்டார். சீமை முறை இங்கே அப்படியே செல்லுமானால் அந்நூலுக்குத் தேவையே நேர்ந்திராது.

இச்செடிகளுக்கு ஒளி ஏன் இத்தனை அவசியம் என்பதற்கான பழைய தடயமொன்றை நாவினாலேயே கண்டவர் ஒருவர் உண்டு. மொரேவியச் சபை மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் ஆங்கிலக் கும்பெனியின் தாவர நிபுணராகிய பெஞ்சமின் ஹைன், ரணகள்ளியின் இலை விடியற்காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் சற்றுக் கசப்பதையும் கவனித்து, 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்து லாம்பர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். நம் சிங்கள அயலவர் அக்கபான என்று அழைக்கும், வேலியோரமெல்லாம் தானாக முளைக்கும் அதே செடிதான். (சுவைத்துப் பார்க்க விரும்புவோர் விழுங்காதிருத்தல் நலம், இலையில் விஷாம்சம் உண்டு.) வறண்ட தேசத்துச் செடி பகலிலே தன் இலைத்துளைகளைத் திறந்தால் நீரை இழக்கும்; ஆதலால் இரவிலே திறந்து கரியமிலவாயுவை உட்கொண்டு புளிப்புச் சத்தாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சூரிய ஒளியின் பலத்தால் அப்புளிப்பைச் சர்க்கரையாக்குகிறது என்பது பிற்காலத்தார் கண்ட விளக்கம். பகல் மங்கினால் இரவின் சேமிப்பு முற்றாகச் செலவாகாது. செலவாகாவிட்டால் அடுத்த இரவின் வரவும் குறையும்.

எல்லா ஜாதிக்கும் ஒரே அளவு ஒளி வேண்டும் என்பதில்லை. மருள், ஹாவொர்த்தியா இவ்விரண்டும் விறாந்தையின் உட்புறத்திலும் காலந்தள்ளும். கற்றாழைக்கு யன்னற்படி வேண்டும். எச்செவேரியாவுக்கும் முள்ளுருண்டைக் கள்ளிகளுக்கும் நாலைந்து மணி நேரத்து நேர்வெயிலாவது இல்லாவிடில் உருவம் தங்காது. ஓடுகளுக்கிடையே பதித்த கண்ணாடி ஓட்டின் கீழே சிலர் பூச்சாடியை வைக்கிறார்கள். அவ்வொளித் துண்டு ஓரிடத்தில் நில்லாது நகர்ந்து போவதால் செடிக்குச் சொற்ப நேரமே வெயில் கிட்டுகிறது. முற்றத்திலே நாலு கம்பு நட்டு ஒளி ஊடுருவும் சீற்றைக் கூரையாகப் போடுவதே மேல்.

அங்கே கொண்டுபோவதிலும் அவசரம் ஆகாது. மாதக்கணக்கில் விறாந்தையில் இருந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இலையில் கபில நிறத் தழும்பு விழும். அவ்விலை உதிரும்வரை அது மாறாது. முதல் வாரம் காலை ஒன்பது மணிவரை, அடுத்த வாரம் பத்தரைவரை என்று சிறுகச் சிறுகப் பழக்குவோர்க்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் நேர்வதில்லை.