தரங்கம்பாடியில் மூன்று மொழிகளும் ஒரு வேதமும்

மிஷனரிமாரைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது இரண்டு முனைகளில் ஒன்றில் நின்றே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார் அவர்களைத் தமிழ்த்தொண்டர்களாகப் போற்றுகின்றனர். மறுசாரார் அந்நிய ஆட்சியின் கையாட்களாகக் கண்டு ஒதுக்குகின்றனர். இரண்டு தரப்பும் கவனிக்கத் தவறுவது அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை. பல மொழிகள் பேசப்படும் ஓர் அந்நிய ஊரில், காலையில் எழுந்ததும் யாருக்கு, எந்த மொழியில், எந்தச் சொல்லைக் கொண்டு வேதத்தைக் கற்பிப்பது என்ற கேள்வியை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிய, தரங்கம்பாடியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் டேனியர் இந்தக் கடற்கரைக் கிராமத்தைப் பெற்று அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1706 ஜூலை 9 ஆம் திகதி, 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் இரு ஜேர்மனியர் அங்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்றி புளுட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள் இவர்கள். டேனிய மன்னரின் பணத்தில், டேனியக் கம்பனியின் ஊரில், தமிழருக்கு வேதம் கற்பிக்க ஜேர்மனியர் வந்தனர் என்பதிலிருந்தே அந்த ஊரின் மொழிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

தரங்கம்பாடியில் அன்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு படிநிலை இருந்தது. ஆளுநரும் கம்பனி அதிகாரிகளும் பேசியது டேனிஷ். அவர்களுக்கென 1701 இல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயத்தில் ஒலித்ததும் அம்மொழியே. ஊரைச் சூழ்ந்திருந்த குடிகளின் மொழி தமிழ். ஊருக்கு வெளியே தஞ்சையை அப்போது ஆண்டவர்கள் மராத்தியர். இவற்றுக்கெல்லாம் நடுவில் பாலமாக நின்றது போர்த்துக்கீசம்.

டேனியரின் ஊரில் போர்த்துக்கீசம் எப்படி வந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். ஈழத்தவருக்கு இதில் வியப்பில்லை. போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தரின் ஆட்சியிலும் இலங்கைக் கரையோரப் பட்டினங்களில் பேச்சுவழக்குப் போர்த்துக்கீசம் அழியவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் அது இன்றும் உயிருடன் உள்ளது. நாம் தினமும் சொல்லும் மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், பாண் என்பனவெல்லாம் அம்மொழி விட்டுச்சென்ற சொற்களே. பதினாறாம் நூற்றாண்டில் கடல் வணிகத்தைக் கைப்பற்றியவர்களின் மொழி, அவர்களின் அதிகாரம் தேய்ந்த பின்னரும் ஆசியத் துறைமுகங்களின் பொதுமொழியாக நீடித்தது. ஐரோப்பிய எசமானும் அவன் வீட்டு வேலையாளும் பேசிக்கொண்டது அம்மொழியில்தான்.

ஆகவே, வந்த இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டனர். போர்த்துக்கீசம் பேசுவோர் புளுட்சோவின் பொறுப்பு. தமிழர் சீகன்பால்குவின் பொறுப்பு. முதலில் பலன் தந்தது போர்த்துக்கீசமே. 1707 மே 12 ஆம் திகதி முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். இந்த உண்மையைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த ஐவரும் வேதத்தைக் கற்றது தம்மை விலைக்கு வாங்கியவர்களுடன் பேசப் பழகிய மொழியில். எசமானின் கட்டளையைக் கேட்ட அதே மொழியில், எசமானுக்கும் மேலான ஒருவர் உண்டு என்பதையும் அவர்கள் கேட்டனர். தங்கள் அடிமைகளுக்கு இத்தகைய போதனை நடப்பதைக் கம்பனி வட்டாரத்தில் பலர் விரும்பவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

தமிழ் அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சீகன்பால்கு தமது இல்லத்துக்கே பள்ளியுடன் வரவழைத்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பயின்றார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி அவருக்கு விளக்கம் சொன்னார். ஓலைச்சுவடிகளை வாங்கியும் படியெடுப்பித்தும் சேர்த்தார். 1708 இல் அவர் தயாரித்த நூற்பட்டியலில் திருக்குறள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர நேர்ந்தது என்பதே இந்த வரலாற்றின் அழகு.

ஆனால், அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் தமிழர்கள். அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தமது சமயத்தின் இரகசியங்களை அந்நியருக்குக் காட்டிக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் தஞ்சை அரசின் பகுதியில் சிறையிலும் வாடினார். ஆசிரியரின் மகனான கணபதி வாத்தியார் 1709 இல் மதம் மாறியபோது உற்றார் உறவினரின் கடும் எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்தது. மிஷனரிமாரின் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. அவர்களுக்கு மொழி கொடுத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஆளுநர் ஹாசியஸுடனான மோதல் தனிக் கதை. கடன் வழக்கொன்றில் ஓர் ஏழை விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியதை ஆளுநர் தமது அதிகாரத்துக்கு எதிரான கலகமாகக் கருதினார். 1708 நவம்பரில் கோட்டைக்குள் அடைக்கப்பட்ட சீகன்பால்கு நான்கு மாதங்களின் பின்னரே விடுவிக்கப்பட்டார். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியை அவர் தொடங்கியது அதற்கு முந்திய மாதம், அக்டோபர் 17 ஆம் திகதி. சிறையால் தடைப்பட்ட பணி 1711 மார்ச் 21 இல் நிறைவெய்தியது.

மொழிபெயர்ப்பில் அவருக்கு இருந்த பெருஞ்சிக்கல் இலக்கணம் அன்று, சொல். கடவுளை எந்தப் பெயரால் அழைப்பது? தமிழில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஏதோவொரு கோயிலின் மணியோசையைத் தன்னோடு சுமந்து வருவது. புதுச்சொல் படைத்தால் எவருக்கும் விளங்காது. பழஞ்சொல்லை எடுத்தால் பழம்பொருளும் கூடவே வரும். சீகன்பால்கு தமக்கு முந்திய கத்தோலிக்கக் குருமாரின் தமிழ்ச் சுவடிகளைத் தேடிப் படித்து, அவர்கள் ஆண்ட 'சர்வேசுவரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். சமயக் கொள்கையில் கத்தோலிக்கருடன் அவர் உடன்படவில்லை. சொல்லைப் பெறுவதில் அந்தப் பகைமை அவரைத் தடுக்கவில்லை. பின்னர் வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871 இல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. இருபதாம் நூற்றாண்டில் 'கடவுள்' வந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சொல்லுக்காக நடந்த இந்தத் தேடலே, வேதத்தை வேறொரு மொழியில் கற்பித்தல் எவ்வளவு கடினமானது என்பதற்குச் சான்று.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்வது அச்சுக்கூடத்தின் கதை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துக்களைக் கையால் கோக்கும் முறை எஞ்சியிருந்தது. ஒரு பக்கத் தமிழைக் கோப்பதற்கு எத்தனை பெட்டிகளுக்குள் அச்சுக்கோப்பவரின் விரல் போய்வர வேண்டும் என்பதைப் பார்த்தவன் என்பதால், தரங்கம்பாடியில் நடந்ததன் அருமை எனக்குப் புரிகிறது.

இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சியந்திரத்தை ஏற்றிவந்த கப்பல் 1711 இல் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. அச்சியந்திரம் தப்பியது. ஆனால், அதனை இயக்க வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். 1712 இல் யந்திரம் வந்துசேர்ந்தபோது, கம்பனிப் படையில் இருந்த ஜேர்மன் சிப்பாய் ஒருவர் அதனை இயக்க முன்வந்தார். உடன் வந்தவை உரோம எழுத்துக்கள் ஆதலால் முதலில் அச்சேறியது போர்த்துக்கீசமே. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713 இல் வந்தன. அவை உருவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே, சிறிய எழுத்துக்களை உள்ளூரிலேயே வார்த்தனர். பின்னர் பொறையாற்றில் காகித ஆலையொன்றையும் அமைத்தனர். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714 இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715 இலும் வெளிவந்தன. தமிழில் முதல் அச்சு நூல் இதுவென்று சிலர் எழுதுவது தவறு. கொல்லத்தில் 1578 இலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால், இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு தரங்கம்பாடிப் பதிப்பே.

தாம் கற்றதை ஐரோப்பாவுக்குச் சொல்லவும் சீகன்பால்கு விரும்பினார். தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாறு பற்றி 1713 இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் பிராங்கே அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவருடைய எண்ணம். அந்நூல் வெளிவர 1867 வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழரை அறியாமல் தமிழருக்குக் கற்பிக்க முடியாது என்பதைத் தரங்கம்பாடியில் இருந்தவர் உணர்ந்தார். ஹாலேயில் இருந்தவர் உணரவில்லை.

1719 பெப்ரவரி 23 ஆம் திகதி சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறு. பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரையே அவரால் முடிக்க இயன்றது. மிகுதியை சூல்ட்சே நிறைவுசெய்தார். சீகன்பால்குவின் உடல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அந்தத் தேவாலயத்தில் தமிழ் வழிபாடும் போர்த்துக்கீச வழிபாடும் நடந்தன. மொழியின் பெயரால் எவரும் வெளியே நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால், ஒரே மொழி பேசிய தமிழர்களே உள்ளே பிரிந்து அமர்ந்தனர். உயர்சாதியாருக்கு ஓரிடம், பறையர் சமூகத்தவருக்கு வேறிடம். 1733 இல் தமிழர் ஒருவரைக் குருவாக அபிஷேகம் செய்யத் தீர்மானித்தபோது இரண்டு உபதேசியார் பெயர்கள் முன்னின்றன. ஒருவர் ஆரோன், வேளாளர். மற்றவர் இராஜநாயக்கன், பறையர். முன்னாள் போர்வீரரான இராஜநாயக்கன் அச்சிட்ட தமிழ் வேதத்தைத் தாமே வாசித்து இவ்வழிக்கு வந்தவர். தகுதியில் குறைந்தவரல்லர். ஆயினும், அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதியார் உடன்படமாட்டார்கள் என்ற அச்சத்தால் ஆரோனே தெரிவுசெய்யப்பட்டார். புரட்டஸ்தாந்து சபையின் முதல் தமிழ்க் குரு என்ற பெருமை அவருக்குரியது. ஆரோனின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. அந்தத் தெரிவு நடந்த முறையே என் கவலை.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் ஊருக்கும் வந்தது. தரங்கம்பாடி மிஷன் மரபில் வந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர் கிறிஸ்தியான் தாவீது 1801 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழில் போதித்தார். தரங்கம்பாடியில் எழுந்த அதே கேள்வி அதன் பின்னர் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களிலும் எழுந்தது. யார் எங்கே அமர்வது, யார் கையால் உண்பது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சபைகளால் தெளிவான விடை காண முடியவில்லை.

ஐயாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் மணலில் எழுதிப் பழகிச் சில ஆண்டுகளில் தமிழின் தடையைக் கடந்துவிட்டார். அதே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களால் ஒரே பாயில் அமர முடியவில்லை. தரங்கம்பாடி மிஷனைப் போற்றுவோரும் தூற்றுவோரும் விவாதிக்க வேண்டியது இதனையே. அந்நியர் கொண்டுவந்த வேதம் நமக்கு உரியதா இல்லையா என்பது ஒவ்வொருவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால், அந்தத் தேவாலயத்தின் தரையில் இருந்த இடைவெளியை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. அது இங்கேயே இருந்தது. வந்தவர்கள் அதனோடு சமரசம் செய்துகொண்டார்கள்.