மைசூர் மகாராஜாவின் இசைத்தட்டுகள்

1950ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதியன்று இலண்டன் மாநகரின் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு ஸ்ட்ராஸ் 1948ஆம் ஆண்டில் இயற்றிய நான்கு பாடல்கள் அன்றுதான் முதன்முதலாக அரங்கேறின. பாடியவர் நார்வே நாட்டுப் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். வாத்தியக் குழுவை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்க்லர். இயற்றியவர் மட்டும் அதனைக் கேட்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அப்பாடல்கள் அரங்கேறுவதற்காக 4,800 டாலர் பொறுப்பேற்று உதவியவர் யார்? மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் அவர்களே. நிகழ்ச்சியைப் பதிவு செய்து தம் சேகரிப்பில் சேர்ப்பதற்காக மைசூருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் அடங்கியிருந்தது.

1919இல் பிறந்து 1940இல் அரியணை ஏறிய இம்மன்னர் இசையை வெறும் பொழுதுபோக்காகக் கொண்டவர் அல்லர். கருநாடக இசையில் 94 கீர்த்தனைகளை இயற்றியவர். மேனாட்டு முறையில் பியானோவும் பயின்றவர். அவருடைய இசைத்தட்டுகள் ஏறத்தாழ 20,000 என்று மதிப்பிடப்பட்டது. இலண்டனிலிருந்து மைசூருக்கு வந்து அவரைக் கண்ட ஒலிப்பதிவு நிபுணர் வால்டர் லெக், அரண்மனையிலிருந்த இசைத்தட்டு நூலகத்தையும் பலவகை ஒலிபெருக்கிகளையும் வியந்து எழுதியிருக்கிறார். ருஷ்ய இசைஞர் நிகலாய் மெட்னர் இலண்டனில் முதுமையிலும் வறுமையிலும் வாடியபோது, அவருடைய படைப்புகள் அவர் கைப்படவே இசைத்தட்டுகளில் பதிவாவதற்குப் பொருளுதவி செய்தவரும் இவரே. நன்றி மறவாத மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் உடையார் பணியாற்றினார் என்பதைத் தமிழ் மக்கள் நினைவுகூர்தல் தகும்.

இனி, அந்த இலண்டன் பதிவுக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். அது அஸிடேட் என வழங்கும் தட்டுகளில் பதிவாகியிருந்தது. அலுமினியத் தகட்டின் மீது மென்மையான அரக்குப் பூச்சைத் தடவி, அதில் நேரடியாகப் பள்ளம் வெட்டும் முறை அது. உடனே போட்டுக் கேட்கலாம் என்பது அதன் நன்மை. ஆனால் ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் பள்ளம் தேயும்; நுண்ணிய உச்ச ஓசைகள் முதலில் மறையும்; இரைச்சல் மிகும். பிற்காலத்தில் நீண்ட நேர இசைத்தட்டாக மாற்ற முயன்றபோது அத்தட்டுகள் பெரிதும் தேய்ந்திருந்தன. வெளிவந்த இசைத்தட்டும் கேட்போரை ஏமாற்றியது. இந்த நூற்றாண்டில் கணினியின் துணைகொண்டு இரைச்சலைக் களைந்து புதுப்பித்துள்ளனர். ஆயினும் பள்ளத்திலிருந்து அழிந்துபோனதை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

மகாராஜா சேகரித்த காலத்தில் பெரும்பாலான இசைத்தட்டுகள் நம் நாட்டு அவலரக்கைக் கலந்து செய்யப்பட்டவை. அவை நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்களே பாடும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். தவறினால் ஊசியே தட்டை அரித்துவிடும். ஆக, அந்நாளில் ஒலியை எதில் வைக்கிறோம் என்பதும் அது எவ்வாறு ஒலிக்கும் என்பதும் ஒரே கேள்வியாக இருந்தன.

இன்று நிலை வேறு. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியைப் பள்ளமாக அல்லாமல் எண்களாக வைத்தது. ஒரு விநாடியின் ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கும் முறை அது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் செவிக்குரிய ஒலி முழுவதும் அடங்கிவிடும் என்பது கணிதம் நிறுவிய உண்மை. குறுந்தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும் உடன் பதிந்துள்ள சரிபார்ப்பு எண்களைக் கொண்டு இயந்திரம் பிழையைத் திருத்திக்கொள்ளும்.

ஆனால் பழைய கேள்வி புதிய வேடத்தில் திரும்பியிருக்கிறது. ஒரே இசைக் கோப்பைச் சுழலும் ஹார்டு டிஸ்கில் வைத்தால் ஒருவிதமாகவும், பென் டிரைவில் வைத்தால் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது என்று இசையன்பர் சிலர் உறுதியாகக் கூறுகின்றனர். இது உண்மையாகுமா?

கருவி செயற்படும் முறையை நோக்கினால் விடை தெளிவாகும். சேமிப்பகத்திலிருந்து எண்கள் முதலில் கருவியின் தற்காலிக நினைவகத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து, தனக்குரிய கடிகாரத்தின் தாளத்துக்கு ஏற்ப, மாற்றிப் பொறி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மின்னலையாக்குகிறது. கடிதம் ரயிலில் வந்தாலும் பேருந்தில் வந்தாலும் அதன் வாசகம் மாறுவதில்லை அன்றோ? அதுபோல் எண்கள் மாறாதவரை இசையும் மாறாது. ஹார்டு டிஸ்க் சுழலும் ஓசை அமைதியான அறையில் காதில் விழலாம். சரிவர அமைக்கப்படாத கருவியில் மின் இரைச்சல் ஒலிப்பகுதியில் கசியலாம். இவை மெய்யான குறைகளே. ஆனால் இவை கருவியின் குறைகளே அன்றி, கோப்பு மாறியதால் விளைந்தவை அல்ல.

அப்படியாயின் வேறுபாடு கேட்டதாகச் சொல்வோர் பொய் சொல்கிறார்களா? இல்லை. இங்கே மைசூரின் மற்றொரு பெரியவரை நினைக்க வேண்டும். 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே 30 வாட் ஒலிபரப்பியை நிறுவி, ஆகாசவாணி என்ற பெயரில் வானொலி நிலையம் நடத்தியவர் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி. தேசிய வானொலி பின்னர் ஏற்ற பெயரும் அதுவே. அவர் பொறியியல் வல்லுநர் அல்லர்; மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியர். நாம் செவியால் மட்டும் கேட்பதில்லை, எதிர்பார்ப்பாலும் கேட்கிறோம் என்பது உளவியல் காட்டும் உண்மை. விலை மிக்க கருவியைக் கண்ணால் கண்டபின் அதன் ஒலி இனிதாகவே தோன்றும். எனவேதான் எது ஒலிக்கிறது என்பதை மறைத்துவைத்துச் சோதிக்க வேண்டும். வேறுபாடு மெய்யாயின் திரைக்கு இப்பாலும் அது கேட்கும்.

சேமிப்பைப் பற்றிய தெரிவு செவிக்கு எட்டும் இடம் வேறொன்று உண்டு. அது சுருக்கம். எம்.பி.3 முறை, செவி தவறவிடக்கூடிய ஒலிகளை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குகிறது. குறுந்தகட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் இருந்ததை 128 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்கே மிஞ்சும். 320 அளவில் வைத்தால் பெரும்பாலோர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. அளவு குறையக் குறைய ஜாலராவின் நாதமும் கஞ்சிராவின் தெறிப்பும் கலங்கும். சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் கேடு பெருகும். மொழிபெயர்ப்பை மூலமாகக் கொண்டு மறுபடி மொழிபெயர்ப்பதன் விளைவை என் போன்ற மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிவர்.

இதை அறிந்தும் நான் ஒருமுறை தவறினேன். என் அன்னையார் ஜாலரா தட்டித் திருப்புகழ் பாடிய ஒலிநாடா ஒன்றை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினேன். அவர்கள் மிகச் சுருக்கிக் கொடுத்தார்கள். உடனே கேட்டுப் பார்க்காமல், வீடு மாறும் அவசரத்தில் நாடாவை எறிந்துவிட்டேன். இப்போது அன்னையின் குரல் இருக்கிறது. ஜாலரா வெறும் சலசலப்பாகிவிட்டது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இத்தகைய ஒலிநாடாக்கள் பல இருக்கும். பாட்டியின் தாலாட்டு, ஊர்க் கோயில் நாகசுரம், திருமணத்தில் பாடிய நலங்கு எனப் பலவும் அவற்றில் உறங்கலாம். அவற்றை மாற்றும்போது ஒலி குறையாத ஃபிளாக் போன்ற வடிவத்தைக் கேட்டுப் பெறுங்கள். எந்த டிஸ்கில் வைப்பது என்று கவலைப்பட வேண்டுவதில்லை; ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்து வெவ்வேறு இடங்களில் வைத்தால் போதும். டிஸ்க் பழுதடையும், ஆனால் மற்றொரு படி முதற்படிக்குச் சற்றும் குறைந்ததாக இராது. இருபதாயிரம் தட்டுகள் வைத்திருந்த மகாராஜாவுக்கும் கிட்டாத வசதி இது. மூல நாடாவை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.