தரங்கம்பாடிச் சிற்றெழுத்துகள்

கிறித்துவ சமயப் பணிக்கு இணையம் பெரிதும் பயன்படும் இந்நாளில், புதுக்கருவியின் வெற்றி எதனைச் சார்ந்தது என்னும் வினா எழுகின்றது. அதற்குரிய விடை தரங்கம்பாடி அச்சக வரலாற்றிலே உளது என்பது எம் கருத்து.

கி.பி. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, முதற்கண் ஓலைச்சுவடிகளையே நம்பியிருந்தார். ஏடெழுதுவோர் கைவழிப் படிகள் பெருகுதல் அரிது. ஆதலின் அச்சினை நாடினார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் 1713-ஆம் ஆண்டிற்குள் வந்து சேர்ந்தன. நற்செய்தி நூல்கள் நான்கும் திருத்தூதர் பணியும் 1714-இல் அச்சேறின. எனினும், ஆலே எழுத்துகள் மிகப் பெரியன. அருமையாய்க் கிடைத்த தாளை அவை விரைவில் தீர்த்தன. எனவே, தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றின் துணையால் 1715-இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது.

அச்சினை ஐரோப்பியர் கொடை என்று மட்டும் கூறுவார் இதனை மறத்தலாகாது. கடல் கடந்து வந்த பொறி பணியைத் தொடங்கிற்று; தாளின் அளவறிந்து இம்மண்ணில் வார்த்த எழுத்தே அதனை முடித்தது. இணையத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். கருவியைப் பெறுதல் எளிது. அதனைப் பயன்கொள்வோர் நிலைக்கேற்பத் திருத்தியமைத்தலே அரிய பணி என்க.