வலது ஓரத்தில் முப்பது ஆண்டுகள்: பில்லி மெரடித்தின் ஆட்டமும் தொழிற்சங்கமும்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மாணவரிடையே மான்செஸ்டர் நகரின் இரு காற்பந்துக் கழகங்களின் பெயர்களை அறியாதார் அரியர். அவ்விரு கழகங்களுக்கும் ஆடிய பில்லி மெரடித் என்பாரின் பெயரை அறிந்தாரோ மிகச் சிலரே. ஆடுகளத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி விரைந்து, எதிரணித் தடுப்பாளரைக் கடந்து, கோல் முகப்பை நோக்கிப் பந்தை அனுப்பும் ஆட்டக்காரரை ‘விங்கர்’ என்பர். இக்கட்டுரையில் அவரை ஓர ஆட்டக்காரர் என வழங்குவோம். 1894 முதல் 1924 வரை மெரடித் அப்பணியை வலது ஓரத்தில் ஆற்றினார்.

அவருடைய நெடிய ஆட்டக் காலம் வியப்புக்குரியது. எனினும் அவ்வியப்போடு நின்றுவிட்டால் வரலாற்றின் பாதியையே கண்டவராவோம். ஊதியம் பெற்று விளையாடுபவர் தொழிலாளியா, அல்லரா என்னும் கேள்வி அவர் வாழ்வு முழுவதும் ஊடாடி நின்றது. அக்கேள்வியை முன்வைத்து அவரது ஆட்ட வாழ்வை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கத்திலிருந்து திடலுக்கு

மெரடித் 1874ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் சர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்து எல்லையை அடுத்துள்ள அவ்வூர் நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஊராகும். பன்னிரண்டு வயதில் அவர் பிளாக் பார்க் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்தினுள் நிலக்கரி வண்டிகளை இழுக்கும் குதிரைகளை ஓட்டுவது அவரது பணி. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் டி. இ. தாமஸ் காற்பந்தில் பேரார்வம் கொண்டவர். அவரிடம் பயின்ற சிறுவர் பலர் பின்னாளில் வேல்ஸ் நாட்டுக்காக ஆடினர். ஒரு சிற்றூரின் விளையாட்டு மரபை ஓர் ஆசிரியர் உருவாக்கிய இச்செய்தி ஆசிரியப் பெருமக்களாகிய நம் கருத்துக்குரியது.

சர்க் குழுவிலும் பின்னர் நார்த்விச் விக்டோரியா குழுவிலும் ஆடிய மெரடித், 1894 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். ஆர்ட்விக் என்னும் பழைய கழகம் அவ்வாண்டில்தான் அப்புதுப் பெயரைப் பெற்றிருந்தது. கழகத்தில் சேர்ந்த பின்னரும் அவர் உடனே சுரங்க வேலையை விட்டுவிடவில்லை. வேலை நாள்களில் நிலத்துக்கு அடியிலும் சனிக்கிழமைகளில் திடலிலுமாக அவர் சில காலம் உழைத்தார். விளையாட்டையும் உழைப்பின் ஒரு வகையாகவே அவர் பிற்காலத்தில் கருதியதற்கு இத்தொடக்கமே காரணம் எனலாம்.

ஓர ஆட்டக்காரரின் பணி

அக்காலக் குழுக்களில் முன்னணியில் ஐவர் ஆடுவர். அவர்களுள் இரு ஓரங்களில் நிற்பவர் இருவர். பந்து தம்மிடம் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். வந்தபின், தனியொருவராகத் தடுப்பாளரை எதிர்கொள்ள வேண்டும். பார்வையாளர் வரிசைக்கு மிக அருகில் நிற்பவர் ஆதலால், மக்களின் பாராட்டும் ஏச்சும் முதலில் அவர் செவிக்கே எட்டும்.

மெரடித் மெலிந்த உடலினர். வாயில் ஒரு பற்குச்சியை மென்றவாறே ஆடுவது அவர் வழக்கம். கேலிச்சித்திரக்காரர்கள் அக்குச்சியையே அவரது அடையாளமாக்கிக் கொண்டனர். சிட்டியின் முதற்காலத்தில் அவர் ஏறத்தாழ 150 கோல்கள் அடித்தார். ஓரத்தில் ஆடுபவருக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கையாகும். 1904 ஏப்ரல் 23ஆம் நாள் கிரிஸ்டல் பேலஸ் திடலில் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. அதில் போல்டன் குழுவை வென்ற ஒரே கோலை அடித்தவர் குழுத்தலைவர் மெரடித்தே. சிட்டி கழகம் பெற்ற முதற்பெரும் கிண்ணம் அதுவாகும்.

நான்கு பவுண்டு விதி

இப்பெருமையின் பின்னணியில் இரு விதிகள் இருந்தன. அவற்றை விளங்கிக் கொள்ளாமல் அடுத்து நிகழ்ந்தவற்றை நாம் மதிப்பிட இயலாது.

முதலாவது, ஊதிய உச்சவரம்பு. 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்திற்கு 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் வழங்கலாகாது, வெற்றிக்கென ஊக்கத்தொகையும் வழங்கலாகாது என விதிக்கப்பட்டது. அன்றைய கைவினைத் தொழிலாளியின் வருவாயோடு ஒப்பிட்டால் 4 பவுண்டு தாழ்ந்த ஊதியமன்று. ஆயினும் பல்லாயிரவர் கட்டணம் செலுத்திக் காண வரும் ஒருவருக்கும், அவரருகே ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கும் ஒரே எல்லை விதிக்கப்பட்டதை மெரடித் ஏற்கவில்லை.

இரண்டாவது, தக்கவைப்பு முறை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகமே தன்னிடம் வைத்துக் கொள்ளலாம். கழகம் இசையாவிடில் அவர் லீக்கின் வேறு எக்கழகத்திலும் ஆட முடியாது. சுரங்கத் தொழிலாளி ஒரு சுரங்கத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லலாம். காற்பந்துத் தொழிலாளிக்கு அவ்வுரிமையும் இல்லை. நாட்டுக்காக ஆடச் செல்வதற்கும் கழகத்தின் இசைவு தேவைப்பட்டது. மெரடித் 1895 முதல் 1920 வரை வேல்ஸ் நாட்டுக்கு 48 ஆட்டங்களே ஆட முடிந்ததற்குக் கழகங்கள் பலமுறை இசைவு மறுத்ததும் ஒரு காரணமாகும்.

1905: கறையும் வெளிப்பாடும்

1905ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் சிட்டி, ஆஸ்டன் வில்லா குழுவை எதிர்கொண்டது. வில்லா குழுத்தலைவர் அலெக் லீக்கிடம் ஆட்டத்தை விட்டுக்கொடுக்குமாறு 10 பவுண்டு தர முன்வந்ததாக மெரடித்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. காற்பந்துச் சங்கம் அவரை 1906 ஏப்ரல் இறுதிவரை ஆடத் தடைவிதித்தது. முதலில் குற்றத்தை மறுத்த அவர், பின்னர் தாம் குழு நிருவாகியின் அறிவுடனேயே செயற்பட்டதாகக் கூறினார்.

தடைக்காலத்தில் கழகம் தமக்குப் பொருளுதவி செய்யும் என எதிர்பார்த்தார். கழகம் கைவிட்டது. உடனே அவர், உச்சவரம்பைக் கடந்து சிட்டி தன் ஆட்டக்காரர்களுக்கு இரகசியமாகப் பணம் வழங்கி வந்ததை வெளிப்படுத்தினார். 1906இல் நடந்த விசாரணையின் முடிவில் பதினேழு ஆட்டக்காரர்களுக்கு 1907 சனவரி முதல் நாள்வரை தடை விதிக்கப்பட்டது. நிருவாகி டாம் மேலிக்குக் கால வரையறையற்ற தடை விதிக்கப்பட்டது. வெற்றிக் குழு சிதறியது. மெரடித்தும் சாண்டி டர்ன்புல் உள்ளிட்ட மேலும் மூவரும் அண்டைக் கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தனர்.

இவ்விடத்தில் ஆய்வாளருக்கு ஒரு நேர்மை வேண்டியுள்ளது. பின்னாளில் அவர் தொழிலாளர் உரிமைக்காக நின்றார் என்பதற்காக இக்குற்றச்சாட்டை மறைத்தல் முறையன்று. குற்றச்சாட்டைக் கொண்டே அவர் வாழ்வு முழுவதையும் அளத்தலும் முறையன்று. உச்சவரம்பு எல்லாக் கணக்கையும் மறைவுக்குள் தள்ளியிருந்தது. மறைவில் பணம் கைமாறும் இடத்தில் உரிய ஊக்கத்தொகைக்கும் கையூட்டுக்கும் இடையிலான கோடு மங்கிவிடுகிறது என்பதே இந்நிகழ்விலிருந்து நாம் பெறும் வரலாற்று உண்மையாகும்.

சங்கம் பிறந்த கதை

1907 ஏப்ரலில் யுனைடெட்டின் இரண்டாம் நிலைக் குழுவில் ஆடிய தாமஸ் பிளாக்ஸ்டாக், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தலையால் முட்டியபின் சரிந்து விழுந்து உயிரிழந்தார். இயற்கை மரணம் என விசாரணை முடிந்தது. குடும்பத்தாருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. இவ்விறப்பு மெரடித்தின் உள்ளத்தை ஆழமாகப் பாதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மான்செஸ்டர் இம்பீரியல் விடுதியில் கூடிய ஆட்டக்காரர்கள் ஒரு தொழிற்சங்கத்தை நிறுவினர். அக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் மெரடித். உச்சவரம்பை நீக்குவதும், கழகம் மாறும் உரிமையைப் பெறுவதும், காயமுற்றோர்க்கு இழப்பீடு பெறுவதும் அதன் குறிக்கோள்கள்.

யுனைடெட் 1908இல் லீக் பட்டத்தையும் 1909இல் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. கிண்ணம் வென்ற அதே கோடையில் போராட்டம் முற்றியது. தொழிற்சங்கப் பொதுக் கூட்டமைப்பில் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் இணைய விரும்பியதைக் காற்பந்துச் சங்கம் பொறுக்கவில்லை. ஜூலைக்குள் தொழிற்சங்கத்தை விட்டு விலகாதோர் ஆட முடியாது என அது அறிவித்தது. நாடெங்கும் பெரும்பாலோர் அஞ்சி விலகினர். யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. கழகத் திடல் மறுக்கப்பட்டபோது ஃபாலோஃபீல்டு திடலில் தாமாகவே பயிற்சி செய்தனர். ‘விலக்கப்பட்டோர் காற்பந்துக் கழகம், 1909’ என்னும் பொருள்படப் பலகை எழுதி வைத்துப் படமும் எடுத்துக் கொண்டனர்.

பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஆகஸ்டு இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கத்திற்கு ஏற்பு கிடைத்தது. ஆனால், சில வாரங்களில் உறுப்பினர்களே வாக்களித்துப் பொதுக் கூட்டமைப்போடு இணைவதைக் கைவிட்டனர். சுரங்கத் தொழிலாளரின் ஒற்றுமையைக் கண்டு வளர்ந்த மெரடித்துக்கு இது பெரும் ஏமாற்றமாயிற்று.

பெற்ற பயன் சிறிது. 1910இல் நீண்டகாலம் பணியாற்றியோர்க்கு வரம்பு 5 பவுண்டாக உயர்ந்தது. ஆட்டக்காரரும் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்த் தொழிலாளியே என்பதை வாக்கர் வழக்கில் நீதிமன்றம் ஏற்றது. ஆனால், தக்கவைப்பு முறையை எதிர்த்து கிங்கபி தொடுத்த வழக்கு 1912இல் தோற்றது. வழக்குச் செலவு தொழிற்சங்கத்தை ஏறத்தாழ முறித்துவிட்டது.

முதுமையும் ஆட்டமும்

வயது ஏற ஏற மெரடித்தின் ஆட்டமும் மாறியது. யுனைடெட்டில் 335 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 36 மட்டுமே. தாமே அடிப்பதைக் குறைத்து, பிறர் அடிக்கத் துல்லியமாகப் பந்தனுப்புவதை அவர் மிகுதியாக்கினார். வேகம் தளர்ந்த ஓர ஆட்டக்காரரை அனுபவம் தாங்கி நிற்கும் என்பதற்கு இது சான்றாகும். 1920 மார்ச்சில் இலண்டன் ஹைபரி திடலில் வேல்ஸ் இங்கிலாந்தை 2-1 என வென்றபோது அவருக்கு வயது 45. அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய இறுதி ஆட்டம்.

1921இல் அவர் மீண்டும் சிட்டிக்குத் திரும்பினார். 1924 மார்ச் 29ஆம் நாள் நியூகாசல் குழுவுக்கு எதிரான எஃப்ஏ கிண்ண அரையிறுதியே அவருடைய கடைசிப் போட்டி. சிட்டி தோற்றது. ஐம்பது வயதை எட்ட அவருக்கு நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன.

முடிவுரை

ஆட்டத்தை விட்டபின் மதுவிடுதி நடத்தி வாழ்ந்த மெரடித், 1958 ஏப்ரல் 19ஆம் நாள் மான்செஸ்டரில் காலமானார். மியூனிக் விமான விபத்து நிகழ்ந்து இரண்டரை மாதங்களே ஆகியிருந்தன. துயரில் மூழ்கியிருந்த நகரம் அவர் மறைவை அதிகம் கவனிக்கவில்லை. அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லாதிருந்தது. இரு மான்செஸ்டர் கழகங்களும், வேல்ஸ் காற்பந்துச் சங்கமும், அவர் தொடங்கிய தொழிற்சங்கத்தின் வழிவந்த அமைப்பும் கூடிச் செலவேற்று 2001இல்தான் புதிய கல் நாட்டின.

அவர் எதிர்த்த விதிகள் அவருக்குப் பின்னரே வீழ்ந்தன. 1961 சனவரியில், 20 பவுண்டாக இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் வழக்கில், தக்கவைப்பு முறை தொழிலுரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துவதாகத் தீர்ப்பாயிற்று. 1995இன் போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத்தொகையின்றி வேறு நாட்டுக் கழகத்திற்குச் செல்ல வழி திறந்தது. 1907இல் இம்பீரியல் விடுதியில் எழுந்த கோரிக்கைகள் நிறைவேற இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

இன்று ஓர ஆட்டக்காரர் பெறும் பெரும் ஊதியத்தைக் கேட்டு நம் மாணவர்கள் வியக்கின்றனர். அவ்வூதியம் தானாக வந்ததன்று. நான்கு பவுண்டுக்காக ஒரு கோடை முழுதும் வேலையிழந்து நின்றவர்களின் உழைப்பும் அதில் கலந்துள்ளது. விளையாட்டு வரலாற்றை வெற்றி தோல்விப் பட்டியலாக மட்டும் கற்பியாமல், உழைப்பின் வரலாறாகவும் கற்பிக்க மெரடித்தின் வாழ்வு நமக்கு நல்லதொரு பாடமாக அமைகிறது எனக் கருதுகிறோம்.